நின்று போனால்தான் மாற்றுவாரா? ஆபீஸ் கம்ப்யூட்டர் விஷயத்தில் யோசனை வேண்டும்

பேரேட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி போகிற வழியில், புதுவயல் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். ஆலை பெயரை மட்டும் கேட்காதீர்கள். எங்கள் சின்ன முதலாளியும் இந்த மாதிரி இடங்களில் உலாவுகிறவர்.

ஆபீஸில் நான்கு கம்ப்யூட்டர். ஒன்றுகூட சொன்ன பேச்சு கேட்பதில்லை. கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேரான டாலியின் டேட்டா முழுக்க என் மேஜை சிஸ்டத்தில்தான் இருக்கிறது. பில் போடுகிற இரண்டு சிஸ்டமும் நெட்வொர்க் வழியாக என்னிடமிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. நான்காவது எடைமேடை ரூமில் இருக்கிறது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

காலையில் பட்டனை அமுக்கிவிட்டு, சாமி படத்துக்குப் பூ வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, டீ கொண்டுவரும் பையன் கிளாஸை வைத்துவிட்டுப் போன பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சரி, காலை நேரம்தானே என்று விட்டுவிடலாம். டாலியைத் திறந்து ஒரு பார்ட்டியின் லெட்ஜரைக் கேட்டால் திரை வெளுத்துப்போய் அப்படியே நிற்கும். அந்த நேரம் பார்த்து பக்கத்து மேஜைத் தம்பி பில் சேவ் செய்தால் அவனுக்கும் நின்றுவிடும். அவன் என்டர் கீயை அறைகிற அறையில் அதில் இருந்த எழுத்தே அழிந்துவிட்டது. மாதா மாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேறு: 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் 3பி. அந்த நாட்களில் ஜிஎஸ்டி போர்ட்டலைத் திறந்தால் டாலி படுத்துக்கொள்ளும். டாலியை எழுப்புவதற்குள் போர்ட்டல் லாக்அவுட் ஆகிவிடும்.

அரிசி பில்தானே, அதில் என்ன பெரிய வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2022 ஜூலை 18-லிருந்து 25 கிலோ வரை பை கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. கடைகளில் 26 கிலோ மூட்டை எங்கிருந்து முளைத்தது என்று யோசித்திருந்தால், விடை அதுதான். 26 கிலோவுக்கு வரி இல்லை. 5 கிலோ, 10 கிலோ பைக்கு உண்டு. ஒரே லாரியில் இரண்டும் போகும். கேரளா லோடு என்றால் சின்னப் பைகளுக்கு இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோவதற்கான ஆன்லைன் சீட்டு) எடுக்க வேண்டும். லோடு ஏற்றி, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, எல்லாம் முடிந்த பிறகு வண்டி என் பில்லுக்காக நிற்கிறது. டிரைவர் ஜன்னல் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "என்னக்கா, மெஷின் தூங்குதா?" என்பார். நேரம் போகப் போக அந்தச் சிரிப்பும் போய்விடும். ஹால்டிங், அதாவது வண்டி காத்து நின்றதற்குக் காசு கேட்பார்.

இனி பெரிய முதலாளி. எழுபதைத் தாண்டிவிட்டார். அவருடைய ஐயா பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்துப் பேரேடுகளை வீட்டில் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறார். துணி சுற்றி, பூச்சி வராமல், அவ்வளவு பத்திரமாக. நல்ல மனிதர், சம்பளம் ஒன்றாம் தேதி தப்பியதில்லை. ஐந்தொகையில் ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி போன் போட்டுவிடுவார். ஆனால் கம்ப்யூட்டர் என்று ஆரம்பித்தால் ஒரே பதில்தான்: "ஓடுது இல்ல ஆத்தா? அப்புறம் என்ன?" ஓடுகிறதுதான். சின்னவருக்குக் கஷ்டம் புரியும். ஆனால் செக்கில் கையெழுத்து பெரியவருடையது.

எடைமேடை சிஸ்டத்தில் இன்னும் விண்டோஸ் 7. எடை காட்டும் இண்டிகேட்டரிலிருந்து பழைய மாதிரி ஒன்பது ஊசி வயர் ஒன்று பின்னால் சொருகியிருக்கிறது. சீட்டு டாட் மேட்ரிக்ஸில் வரும். அந்த சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தவர் இப்போது தொழிலில் இல்லை. அதைத் தொடவே பயமாக இருக்கிறது.

மற்ற மூன்றும் ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. நாலையும் தூக்கிப் போட்டுவிட்டு புதிது கேட்கலாம் என்பது தம்பியின் கட்சி. எனக்கோ கேட்டு ஒரு தடவை "வேண்டாம்" என்று வந்துவிட்டால் இந்த வருஷம் மறுபடி வாயைத் திறக்க முடியாது என்ற கவலை. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது? இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரஸ்தா சர்வீஸ்:

அக்கா, தேவகோட்டை ரஸ்தா பக்கம் சிஸ்டம் சர்வீஸ் பார்க்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரி ஆபீஸ்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

முதலில் எது மெதுவாக இருக்கிறது என்று பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்ற இடத்தில் எச்டிடி என்று எழுதியிருக்கிறதா, எஸ்எஸ்டி என்று எழுதியிருக்கிறதா? சும்மா இருக்கும்போதே 100 சதவீதத்தில் நிற்கிறதா? மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் இருக்கும்.

எச்டிடி என்றால் உள்ளே தட்டு சுற்றும், ஊசி ஓடி ஓடித் தேடும். ஒரே பெரிய ஃபைலைப் படிக்கச் சொன்னால் நொடிக்கு 100 எம்பிக்கு மேலேயே படித்துவிடும். ஆனால் டாலி மாதிரி அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று துண்டு துண்டாகக் கேட்டால் திணறிவிடும். அதிலும் உங்கள் டிஸ்க்கைத்தான் மூன்று பேரும் ஒரே நேரத்தில் இழுக்கிறீர்கள். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு ஒன்றும் இல்லை, எங்கே கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்கும். பழைய ஐ3-யிலேயே போட்டாலும் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

அடுத்தது தூசி. மில் ஆபீஸ் சிஸ்டம் என்றால் நான் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டுதான் மூடியைக் கழற்றுவேன். பிராசசர் மேல் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் தவிட்டுத் தூசி எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து ஜமுக்காளம் மாதிரி படிந்திருக்கும். காற்று போக வழி இருக்காது. சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மத்தியானத்துக்கு மேல் இன்னும் மோசமாகிறது என்றால் இதுவும் ஒரு காரணம். பிளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுற்ற விடக்கூடாது. அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டருக்கு வைத்திருக்கும் கம்ப்ரஸர் காற்றை அடித்துவிடாதீர்கள், அதன் அழுத்தம் போர்டுக்கு ஆகாது. கடைசியில் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போட வேண்டும்.

பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும்போது லைட் மங்குகிறதா? யுபிஎஸ் பேட்டரி செத்துப்போயிருந்தால் அந்த நேரம் சிஸ்டம் அணைந்து வரும். ஓடிக்கொண்டிருக்கிற டிஸ்க்குக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை.

இன்னொன்று, விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறை அல்லது அதற்கு மேல். உங்கள் ஐ3 எந்தத் தலைமுறை என்று பாருங்கள்.

கல்லல் வழிப்போக்கன்:

தூக்கிப் போடாதீர்கள் தாயே. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் கொண்டுபோய் வையுங்கள். பர்மா தேக்குக்குப் பக்கத்தில் வைத்தால் வெளிநாட்டுக்காரன் ஆசையாக வாங்கிக்கொண்டு போவான். புது சிஸ்டத்துக்குக் காசு வந்துவிடும்.

பேரேட்டுக்காரி:

வழிப்போக்கரே, இதைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். கீபோர்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறான்.

ரஸ்தா தம்பி சொன்னபடி பார்த்துவிட்டேன். மூன்றிலும் எச்டிடி. என் சிஸ்டத்தில் எதையும் திறக்காமலே டிஸ்க் 100-ல் நிற்கிறது. பிராசசர் பாவம், சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஐ3 நான்காவது தலைமுறை, ராம் டிடிஆர்3, இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. சின்னவர் எனக்காக டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒன்றை இறக்கிக் கொடுத்தார். தம்பியின் டிஸ்க் நீலத்தில் "குட்" என்கிறது. என்னுடையது மஞ்சளில் "காஷன்" என்று காட்டுகிறது. மஞ்சள் என்றால் பயப்பட வேண்டுமா?

லைட் மங்குவதும் உண்மை. நெல் உமி நீக்குகிற ஹல்லர் பக்கம் ஸ்விட்ச் போட்டால் ஆபீஸ் டியூப் லைட் ஒரு தரம் கண்ணடிக்கும். யுபிஎஸ் "கீ" என்று கத்திவிட்டு அடங்கும். இத்தனை நாளாக அதை மில்லின் சத்தங்களில் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

ரஸ்தா சர்வீஸ்:

பயப்பட வேண்டும் அக்கா. தட்டில் சில இடங்கள் கெட்டு, டிஸ்க் அவற்றை ஒதுக்கிவிட்டு வேறு இடத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறது, அல்லது சில இடங்களைப் படிக்கத் திணறுகிறது. இன்னும் ஒரு வருஷமும் ஓடலாம், நாளைக்குக் காலையிலேயே படுத்தும்விடலாம். உங்கள் டேட்டா மொத்தமும் அதில்தான் என்கிறீர்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போவதற்கு முன்னால் டாலி பேக்கப் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அதே டிஸ்க்கில் டி டிரைவில் வைத்தால் அது பேக்கப் ஆகாது.

முதலாளியிடம் போகும்போது "மெதுவாக இருக்கிறது" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த மஞ்சளைக் காட்டுங்கள்.

எடைமேடை சிஸ்டத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே அப்டேட் நின்றுவிட்டது, அதனால் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிடுங்கள், யார் பென் டிரைவையும் சொருக விடாதீர்கள். அது எடை போட்டு சீட்டு அடித்தால் போதும். டிஸ்க்கை மட்டும் அப்படியே காப்பி எடுத்து ஒரு எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்ளலாம், குளோனிங் என்போம், குளோன்ஸில்லா இலவசம்தான். என்றைக்காவது மாற்றுவதாக இருந்தால் அந்த ஒன்பது ஊசி வயரைச் சொருக காம் போர்ட் உள்ள போர்டாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் போடலாம். சாஃப்ட்வேரில் பாட் ரேட் (இண்டிகேட்டரிலிருந்து எண் வருகிற வேகம்) என்ன போட்டிருக்கிறது என்று இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள். இண்டிகேட்டர் பெட்டியை யாரும் திறக்கக்கூடாது, அதில் முத்திரை சீல் இருக்கும்.

கானாடுகாத்தான் ஆடிட்:

ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன், அதனால் காசு பக்கத்தைச் சொல்கிறேன். முதலாளிமார்களிடம் எடுபடுவது அதுதான்.

கம்ப்யூட்டருக்கு வருமான வரியில் தேய்மானம் 40 சதவீதம். மேஜை நாற்காலிக்கு 10தான். வாங்கி உபயோகத்துக்கு வந்து அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக இருந்தால் பாதிதான் கிடைக்கும். செப்டம்பருக்குள் வாங்கிவிட்டால் முழுசாகக் கிடைக்கும். பெரியவர்கள் ரொக்கமாகக் கொடுக்கப் பார்ப்பார்கள்; ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய சொத்துக்கு அந்தத் தொகைக்குத் தேய்மானம் கிடையாது. செக் அல்லது பேங்க் டிரான்ஸ்ஃபர்தான். அப்புறம் பில்லில் இருக்கிற 18 சதவீதம் ஜிஎஸ்டியை இன்புட்டாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழிவாக எடுத்துக்கொள்ளலாம், அதைக் கழித்துத்தான் முதலாளியிடம் விலை சொல்ல வேண்டும்.

இன்னொரு ஆயுதம் தருகிறேன். ஜிஎஸ்டியில் ஒரு வருஷத்துக் கணக்கை, அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். டிஸ்க் போய்விட்டது என்று ஆபீஸரிடம் சொல்ல முடியாது.

பேரேட்டுக்காரி:

72 மாதம் பெரியவருக்குப் பிடிக்கும். எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆனால் சார், அந்த 18 சதவீதம் விஷயத்தில் எங்களுக்கு முழுசாகக் கிடைக்காது. விற்பனையில் பெரும்பகுதி 26 கிலோ மூட்டை, வரி விலக்கு. ஆபீஸ் கம்ப்யூட்டர் இரண்டு விற்பனைக்கும் பொதுவானது, வரி உள்ள விற்பனையின் விகிதத்துக்குத்தான் இன்புட் நிற்கும், மிச்சத்தை ரிவர்ஸ் செய்ய வேண்டும். விற்பது எல்லாவற்றுக்கும் வரி உள்ள மிளகாய்த்தூள் ஏஜென்சி மாதிரி இடத்துக்கு நீங்கள் சொன்னது சரியாக இருக்கும். நான் அவரிடம் பில் தொகையைத்தான் சொல்லப்போகிறேன். பிறகு ரிட்டர்னில் குறைந்து வந்தால், "அன்னைக்கு ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்ற" என்று கேட்டுவிடுவார்.

கானாடுகாத்தான் ஆடிட்:

அரிசி என்பதை மறந்தே போனேன் மேடம். நீங்கள் சொல்வதுதான் சரி. உங்கள் ஆடிட்டர் கொடுத்துவைத்தவர்.

பூக்கல் ஆபீஸ்:

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை ஆபீஸில் இருக்கிறேன். கண்ணாடி மேல் ஃபிரேமை வைத்து சிமெண்டும் கலரும் ஊற்றுகிற வேலைக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று எங்கள் முதலாளியும் கேட்டவர்தான். ஆர்க்கிடெக்ட்கள் பெங்களூரிலிருந்து ஹால் பிளானை அனுப்புவார்கள், அதில் டிசைனைப் பொருத்திப் படமாகத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு படம் திறக்கிற நேரத்தில் வெளியே ஆள் நாலு கல் போட்டு முடித்துவிடுவார். நாங்கள் புலம்பிப் புலம்பி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் கஸ்டமர் லைனில் இருக்கும்போது முதலாளியே என் நாற்காலியில் உட்கார்ந்து படத்தைத் திறக்கப் பார்த்தார். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. விலை குறைவு என்று செகண்ட் ஹாண்ட் வாங்குவதாக இருந்தால் தலைமுறையைக் கேட்காமல் வாங்காதீர்கள். ஐ5 என்று ஸ்டிக்கர் பளபளவென்று இருக்கும், உள்ளே ஆறாவது தலைமுறையாக இருக்கும், விண்டோஸ் 11 ஏற்காது. பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போய் ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கி வருகிறவர்கள் வாரண்டிக்கும் அங்கேதான் போக வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கேயே காரைக்குடி நூறடி ரோட்டில் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவதில் தப்பில்லை.

பேரேட்டுக்காரி:

பேசியாகிவிட்டது. என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், உதவி செய்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் இல்லையா.

பேரேட்டு அளவுத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். இடது பக்கம் இப்போது ஆகிற செலவு: லாரி ஹால்டிங், மாதக் கடைசியில் தம்பிக்குக் கொடுக்கிற ஓவர்டைம், சர்வீஸ் ஆளுக்குக் கொடுத்தது. எல்லாம் வவுச்சர் உள்ளவை, நானாகப் போட்டது ஒன்றும் இல்லை. வலது பக்கம் கேட்கிற தொகை, ஜிஎஸ்டி உள்பட. அவர் இடது பக்கத்தைப் படித்துவிட்டு, "இது எப்பவும் உள்ளதுதானே" என்று தாளை என் பக்கம் தள்ளினார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் அந்த மஞ்சள் திரையைப் போனில் காட்டினேன். இது என்ன என்றார். நம்ம பேரேடு இருக்கிற பெட்டியில் கரையான் வந்திருக்கு ஐயா, என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. எந்த வருஷத்துலேருந்து அதுல இருக்கு என்று கேட்டார். 2017 ஜூலையில், ஜிஎஸ்டி வந்த மாதத்திலிருந்து என்றேன். நகல் இருக்கா என்றார். இரண்டு இருக்கு, ஒன்று சின்னவர் வீட்டில் என்றேன். சின்னவரைக் கூப்பிட்டு அது உண்மையா என்று விசாரித்த பிறகுதான் அடுத்த பேச்சு.

முடிவு: டாலி டேட்டா வைக்க என் மேஜைக்கு ஒரு புது சிஸ்டம், எஸ்எஸ்டி, 16 ஜிபி ராம், விண்டோஸ் 11. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடப்பதால் 8 போதாதா என்று சின்னவர் இழுத்தார். போட்டால் ஒரே தடவையாகப் போடு என்று பெரியவரே முடித்துவைத்தார். பில் போடுகிற இரண்டுக்கும் எஸ்எஸ்டியும், காலி ஸ்லாட்டில் ஒரு 4 ஜிபியும். அவற்றில் இனி இன்டர்நெட் இல்லை, டாலி மட்டும். அடுத்த வருஷம் அதையும் பார்க்கலாம் என்று அவர் வாயால் சொன்னதைச் சின்னவர் முன்னாலேயே குறித்துக்கொண்டேன். யுபிஎஸ்ஸுக்கு பேட்டரி. எடைமேடையில் குளோன் மட்டும். தம்பிக்கு முழுத் திருப்தி இல்லை, அவனுக்குப் புது மானிட்டர் வேண்டுமாம். புது கீபோர்டு வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ரஸ்தா தம்பி, நூறடி ரோட்டுக் கடையில் 18-ஆம் தேதி சிஸ்டம் தருகிறேன் என்கிறார்கள். அன்றைக்கே மாற்றிவிடலாமா?

ரஸ்தா சர்வீஸ்:

வேண்டவே வேண்டாம் அக்கா. 3பி 20-ஆம் தேதி போய்ச் சேரட்டும், நான் 21 காலையில் வருகிறேன். அதுவரை தினமும் சாயங்காலம் பேக்கப்.

பழைய சிஸ்டத்தில் டாலி லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். அது செய்யாமல் டிஸ்க் படுத்துவிட்டால் லைசென்ஸை மீட்க வீணாக அலைய வேண்டியிருக்கும். லைசென்ஸ் எந்த ஈமெயிலில் இருக்கிறது, பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே தேடி வையுங்கள். வேலையை விட்டுப் போன யாரோ ஒருவருடைய மெயிலில் இருப்பதுதான் வழக்கம். நெட்வொர்க் ஸ்விட்ச் படத்தையும் ஒன்று அனுப்புங்கள். பழைய 100 மெகாபிட் ஸ்விட்சாக இருந்தால் வரும்போது அதைவிட வேகமான கிகாபிட் ஒன்று வாங்கி வருகிறேன், அதற்குப் பெரியவரிடம் தனியாகத் தாள் எழுத வேண்டியிருக்காது.